ஏழாம் பெட்டியில் இருந்த அம்மா

எங்கள் ஆஸ்பத்திரி வளாகத்தில் கட்டடங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒன்று அவசரப் பிரிவு, மூன்று பிரசவம், ஆறு மருந்துக் கிடங்கு. எட்டைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் மட்டும் எல்லோரும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். அது பிணவறை. அதைப் பார்த்துக்கொண்ட பெண்மணியைப் பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோரும் எட்டாம் நம்பர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நான் ஆறாம் எண்ணில் எழுத்தராக இருந்தவன். இந்தக் கதையில் எனக்குப் பங்கு ஒன்றும் இல்லை. பாதியைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், மீதியை அவர் வாயாலேயே கேட்டேன், அவ்வளவுதான்.

அக்காவின் கணவர் எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுநர். முப்பத்தெட்டு வயதில் ஒரு காலை, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியோடு சாய்ந்துவிட்டார். மனைவிக்கு வேலை தருவதாக நிர்வாகம் சொன்னது. அப்போது காலியாக இருந்த இடம் எட்டாம் நம்பர் மட்டுமே. "சமையலறையில இடம் வர்ற வரைக்கும் ஒரு ஆறு மாசம் இரும்மா" என்றார்கள். ஆறு மாதம் பத்தொன்பது வருடமாகிவிட்டது. நடுவில் சமையலறையில் இரண்டு முறை இடம் காலியானது, இவர் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "இங்க இருக்கறவங்க யாரும் உப்பு பத்தலன்னு சொல்றதில்ல" என்பார்.

வேலை செய்யும்போது அவர் பேசிக்கொண்டே செய்வார். "கையைக் கொஞ்சம் எடுக்கறேம்மா." "ஐயா, இந்தப் பக்கம் திரும்பிக்கோங்க." புதிதாக வந்த டாக்டர்கள் முதலில் சிரிப்பார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களில் ஓரிருவர் தாங்களும் அப்படிப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். உயிர் போனதும் மரியாதையும் போய்விட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்பது அக்காவின் கேள்வி.

அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே மதம். மண்ணுக்குப் போகிறவர்கள், நெருப்புக்குப் போகிறவர்கள். யார் அவசரப்படுவார்கள், யார் உறவினருக்காகக் காத்திருப்பார்கள், யார் வீட்டில் ஆண்கள் தொடக்கூடாது, யார் வீட்டில் பிள்ளைதான் தொட வேண்டும் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டே தெரிந்துவைத்திருந்தார். தெரியாததைத் தெரிந்தமாதிரி செய்யமாட்டார். "உங்க வழக்கம் எப்படிங்க, சொல்லுங்க, அப்படியே செய்யலாம்" என்பார். அவர் பிறந்தது நெருப்புக்குப் போகிறவர்களின் வீட்டில். அதை யாரும் கேட்டதில்லை. கேட்கும் நாள் ஒன்று வந்தது.

அந்த மாதம் ஊர் நன்றாக இல்லை. கடைத்தெருவில் வண்டி நிறுத்துவதில் தொடங்கிய ஒரு வாய்ச்சண்டை, மாலைக்குள் இரண்டு மதத்துச் சண்டையாகி, ஆறு கடைகளின் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்றது. பன்னிரண்டு நாளாக முக்கியமான முனைகளில் போலீஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. பத்து வருடம் ஒரே மேசையில் டீ குடித்தவர்கள்கூட எதைப் பேசுவது என்று யோசித்துப் பேசினார்கள். ஒரு தீக்குச்சிக்காக ஊரே காத்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்தது. ஒரே நண்பகலில் பதினோரு பேர் எட்டாம் எண்ணுக்கு வந்தார்கள். அவர்களில் இரண்டு அம்மாக்கள். ஒருவருக்கு அறுபத்தெட்டு வயது, மற்றவருக்கு எழுபது. ஒரே உயரம், ஒரே உடல்வாகு. இருவருக்கும் தலையிலும் முகத்திலும்தான் அடி. பரிசோதனை முடித்த டாக்டர் முகத்தைச் சுற்றிக் கட்டுப்போட்டு, "சொந்தக்காரங்க பார்க்காம இருந்தா நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். குளிர்ப்பெட்டிகளில் ஒருவர் நான்காம் பெட்டி, மற்றவர் ஏழாம் பெட்டி. வழக்கமாகப் பெயர் அட்டையை மணிக்கட்டில் கட்டுவார்கள். அன்றைய கூட்டத்தில் நூல் தீர்ந்துபோய், சுற்றிய துணியிலேயே ஊக்கு குத்தி வைத்தார்கள்.

மறுநாள் மதியம் அந்த இருவரும் இருந்த பக்கத்துக் குளிர் இயந்திரம் நின்றது. இரண்டு பெட்டிகளிலும் பனி உருகி மேல்துணி நனைந்துவிட்டது. அக்கா இரண்டு அம்மாக்களையும் இரண்டு மேசைகளில் கிடத்தி ஈர மேல்துணியை மட்டும் எடுத்தார், உலர்ந்த துணி சுற்றினார், அட்டையைக் குத்தினார். நடுவில் தொலைபேசி அடித்தது, போய் எடுத்துவிட்டு வந்தார். பத்தொன்பது வருடத்தில் ஒரு முறை, அந்த ஒரு முறை, அட்டை மாறிவிட்டது. இதைச் செய்தது வேறு யாரும் இல்லை, அவரேதான். அதை அவர் ஒருநாளும் மறைத்துச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு நான்காம் பெட்டி அம்மாவின் மகன் வந்தான். கப்பலில் இயந்திரம் பார்க்கும் வேலை. நான்கு வருடமாக வீட்டுக்கு வராதவன், செய்தி கேட்டு மூன்று விமானம் மாறி வந்திருந்தான். உடலைக் கொடுக்குமுன் முகத்தையோ, ஏதாவது ஒரு அடையாளத்தையோ காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அக்கா முகக்கட்டைப் பிரிக்கக் கை வைத்தார்.

"கட்டாயம் பார்க்கணுமாக்கா?" என்றான் அவன். "போன வாரம் போன்ல சிரிச்சுக்கிட்டே பேசினாங்க. அந்த முகம்தான் எனக்குள்ள இருக்கு. அது போதும்க்கா."

அக்கா அவனைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். "சரிப்பா. இங்க கையெழுத்துப் போடு."

இரக்கப்பட்டுத்தான் செய்தார். அந்த இரக்கத்தை நினைத்து அவர் பிறகு பட்ட பாட்டை நான் அறிவேன்.

ஏழாம் பெட்டி அம்மா மண்ணுக்குப் போக வேண்டியவர். மகள் வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று வீட்டார் காத்திருந்தார்கள். முந்தின நாள் அக்காவுக்குப் போன் செய்து அவள் ஒன்று கேட்டிருந்தாள். "எங்கம்மாவுக்கு இடது கால்ல ரெண்டு விரல் இல்லைங்க. சர்க்கரையில போனது. அந்தக் காலை வெளிய யாருக்கும் காட்டமாட்டாங்க. ஒரு காலுறை போட்டுவிடுறீங்களா? நான் வர்றதுக்குள்ள யாராவது பார்த்துட்டா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

அந்தப் பெண் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. பத்து நாற்பதுக்கு அக்கா புதுக் காலுறையோடு ஏழாம் பெட்டியை இழுத்தார். "காலைக் கொஞ்சம் எடுக்கறேம்மா" என்று துணியைப் பிரித்தார். இடது காலில் ஐந்து விரல்களும் இருந்தன.

வலது காலாக இருக்கும் என்று அதையும் பிரித்தார். ஐந்து.

அட்டையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் மின்மயானத்துக்குப் போன் செய்தார். அங்கே உலை பார்ப்பவரை அவர் நேரில் பார்த்ததே இல்லை, பத்து வருடமாகக் குரல் பழக்கம்.

"அண்ணே, காலையில இங்கிருந்து வந்த அம்மா. பதினொன்றரைக்குத்தானே நேரம் கொடுத்தீங்க? வச்சிருங்க, உள்ள விடாதீங்க."

"அது போயிடுச்சேம்மா. முன்னாடி இருந்த ஒண்ணு ரத்தாச்சு, இவங்களைப் பத்து மணிக்கே எடுத்துட்டோம். முக்கால் மணி நேரம் ஆச்சு." கொஞ்சம் நிறுத்தி, "ஏம்மா, என்ன ஆச்சு?" என்றார்.

அக்கா போனை வைத்தார்.

மருத்துவக் கண்காணிப்பாளர் அறை முதல் கட்டடத்தில். அவர் கெட்டவர் இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். கடைத்தெரு கலவரத்தன்று காயம்பட்ட இரண்டு தரப்பையும் ஒரே வார்டில் படுக்கவைத்து, வாசலில் நாற்காலி போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த மனிதர். அக்கா சொன்னதைக் கேட்டு எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"அந்தப் பொண்ணு முகத்தைப் பார்ப்பாங்களா?"

"பார்க்க வேண்டாம்னு நாம சொன்னா கேப்பாங்க."

"அப்ப காலுறையைப் போட்டு, மூடியே கொடுத்துடுங்க."

அக்கா அவரையே பார்த்தார். "சார், இது அந்தக் கப்பல்காரப் பையனோட அம்மா."

"அந்தப் பையன் அம்மான்னு நினைச்சு மனசார எல்லாத்தையும் செஞ்சுட்டான். இவங்களும் செய்வாங்க. ரெண்டு அம்மாவுக்கும் பிள்ளைங்க அழுதாச்சு. இதுல யாருக்கு என்ன குறை சொல்லுங்க." அவர் குரல் இறங்கியது. "நெருப்பே படக்கூடாதுங்கறவங்க அம்மாவை எரிச்சுட்டோம்னு இன்னைக்குப் போய்ச் சொல்றீங்க. கேட்டில போலீஸ் வண்டி எதுக்கு நிக்குதுன்னு தெரியுமில்ல? சாயங்காலத்துக்குள்ள உங்க பெட்டி பத்தாது. அந்தக் கணக்குக்கு யார் பொறுப்பு, நீங்களா நானா?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அக்காவால் முடியவில்லை. எனக்கும் இன்றுவரை முழுதாக முடியவில்லை. அக்கா கையில் இன்னும் அந்தக் காலுறை இருந்தது.

"சார், அவங்கம்மா கூச்சப்படுவாங்கன்னு காலுறை போடச் சொன்னா அந்தப் பொண்ணு. அவகிட்ட நான் எந்த மூஞ்சியோட இந்தக் காலைக் கொடுப்பேன்?"

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்படிச் செய்யுங்கன்னு உத்தரவு போட எனக்கு வாய் வராது. வேண்டிக் கேட்டுக்கறேன். அவங்க வர்றதுக்குப் பத்து நிமிஷம் இருக்கு, யோசிங்க."

ஒன்றாம் எண்ணிலிருந்து எட்டாம் எண்ணுக்கு நடக்க நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை என்றார். கல்யாணமாகி மண்ணுக்குப் போகிறவர்கள் தெருவில் குடியிருக்கும் தன் மகளை நினைத்தாராம். அந்த வீட்டு ஜன்னல்களை நினைத்தாராம். உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று சைக்கிள் நிறுத்துமிடம் வரை போய்த் திரும்பினாராம். "அப்புறம், நாளைக்கு ஒரு அம்மா வருவாங்க. அவங்ககிட்ட நான் வாயைத் திறந்து பேசணுமே" என்றார். அவ்வளவுதான் காரணம்.

காத்திருப்பு அறையில் ஏழாம் பெட்டி அம்மாவின் மகள் வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த வெள்ளைத் துணி. பக்கத்தில் அவள் தம்பி உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். வெளியே வண்டியில் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அக்கா கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரில் நின்றார்.

"அம்மா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். உள்ள இருக்கறது உங்கம்மா இல்ல."

தம்பிதான் முதலில் பேசினான். "அப்ப எங்கம்மா எங்க?"

அக்கா சொன்னார். துணி நனைந்ததிலிருந்து, அட்டை மாறியதிலிருந்து, கப்பல்காரன் முகம் பார்க்காமல் போனதிலிருந்து, பத்து மணி வரை. ஒன்றையும் விடவில்லை. 'எரிந்துவிட்டது' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை தொடங்கி மூன்றாம் முறைதான் சொல்லி முடித்தார்.

தம்பி நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். ஒரு கால் உடைந்து தெறித்தது. பிறகு அக்காவின் தோளைப் பிடித்துச் சுவரோடு தள்ளினான்.

"நீ எந்த ஆளு? சொல்லு, நீ எந்த ஆளு?"

"எரிக்கிறவங்கதான் தம்பி" என்றார் அக்கா.

"பார்த்தியாக்கா? வேணும்னே பண்ணியிருக்காங்க." அவன் தமக்கையிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனான். அவன் யாருக்குப் பேசப்போகிறான் என்று அக்காவுக்குத் தெரியும். தடுக்கவில்லை.

மகள் அசையவே இல்லை. பலகையில் எழுதிய கணக்கைச் சரிபார்ப்பவள்போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"துணி மாத்தினது யாரு?"

"நான்தாம்மா."

"அட்டை குத்தினது?"

"நான்தான்."

"அவர் முகம் பார்க்க வேண்டாம்னதும் சரின்னது?"

"அதுவும் நான்தான்."

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி. காலுறை போடப் போனேன்."

மகள் அப்போதுதான் அக்காவின் கையில் இருந்த காலுறையைப் பார்த்தாள். "இதை எங்களுக்குச் சொல்லாம இருந்திருக்கலாமே. நாங்க வாங்கிட்டுப் போயிருப்போம்."

"ஆமாம்மா."

"சொல்ல வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?"

அக்கா வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவர் பதில் சொல்லாத ஒரே கேள்வி அது.

பதினொன்றரைக்குக் கப்பல்காரன் வந்தான். விஷயம் வெளியே வந்ததும் கண்காணிப்பாளர் ஆள் அனுப்பி, மயானத்திலிருந்து போலீஸ் ஜீப்பில் அழைத்துவந்தார்கள். கையில் ஒரு மண்கலயம், வாய் துணியால் கட்டியிருந்தது. வழியிலேயே சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது, கலயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சின்னக் குழந்தையைப்போல இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது.

"எங்கம்மா இன்னும் பெட்டியிலதான் இருக்காங்களா?"

"இருக்காங்கப்பா. இந்தத் தடவை நீ பார்க்கணும். முகம் வேண்டாம், கையையாவது பாரு."

உள்ளே போய் அவன் அந்தக் கையைப் பார்த்தான். கட்டைவிரல் ஓரத்தில் பழைய தழும்பு. தையல் ஊசி ஏறியதாம், அவனுக்கு ஆறு வயதில். அதைப் பிடித்துக்கொண்டு அவன் எழுப்பிய சத்தம் கிடங்குவரை கேட்டது.

திரும்பி வந்தவன் மகளுக்கு எதிரில் நின்றான். அவளுடைய அம்மா அவன் கையில். அவன் கலயத்தை நீட்டவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றான். அவள் கை நீட்டவில்லை.

"என்ன செஞ்சீங்க?" என்றாள். "எங்கம்மாவுக்கு. ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

அவன் திக்கித் திக்கிச் சொன்னான். வண்டியில் அவன்தான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். யாரையும் துணியைப் பிரிக்க விடவில்லை. அவன் மனைவி பிள்ளைகளெல்லாம் துணி மேலேயே தலை வைத்து அழுதார்கள். நான்கு வருடமாக வராமல் போனதற்குக் காதோரம் குனிந்து மன்னிப்புக் கேட்டான். "ரோடு மோசமா இருந்துச்சு. தலை ஆடிக்கிட்டே இருந்துச்சு. வலிக்குமேன்னு சட்டையைக் கழட்டி மடிச்சு அடியில வச்சேன். அங்க போய் இறக்கறவரைக்கும் கையால பிடிச்சுக்கிட்டேதான் வந்தேன்."

அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். மடியில் இருந்த வெள்ளைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அந்தத் துணியை விரித்து, கலயத்தை அவன் கையிலிருந்து துணியோடு வாங்கிக்கொண்டாள்.

இதற்குள் கேட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தம்பியின் போன் வேலை செய்திருந்தது. எழுபது எண்பது பேர் இருப்பார்கள். செய்தி பரவி, எதிர்ச்சாரியில் மற்றத் தரப்பினரும் கூடத் தொடங்கினார்கள். நடுவில் போலீஸ் எட்டே பேர். நான் கிடங்கு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றேன். விளக்கை அணைத்துவிட்டுத்தான் நின்றேன், என்னைத் துணிச்சல்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கண்காணிப்பாளர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "பின்பக்கம் சலவைக்கூடம் வழியா வண்டி போகலாம். அந்த வழியாப் போயிடுங்கம்மா, வெளிய நிலைமை சரியில்ல."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மாவை நான் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போகமாட்டேன்."

அவள் முன்வாசல் வழியாகவே நடந்தாள். கப்பல்காரன் கூட நடந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவர்களுக்குப் பின்னால், யார் தடுத்தும் கேட்காமல், எட்டாம் நம்பர் அக்கா. ஒரு கல் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று கடைசிவரை தெரியவில்லை. நின்றிருந்த ஆம்புலன்ஸின் பக்கக் கண்ணாடி நொறுங்கிச் சில்லு ஒன்று அக்காவின் புருவத்தைக் கிழித்தது. இரண்டு பக்கமும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் தடியை உயர்த்தினார். இப்போது ஒரு குரல் தவறாக எழுந்தால் முடிந்தது என்று நான் கம்பியை இறுக்கிப் பிடித்தது நினைவிருக்கிறது.

மகள் தம்பியிடம் நேராகப் போய் நின்றாள். கலயத்தை நீட்டினாள்.

"பிடி. அம்மாவைத் தூக்க வேண்டியது நீதான்."

அவன் கையில் இன்னும் போன் இருந்தது. அதைப் பையில் போட்டுவிட்டுத்தான் வாங்க முடியும். போட்டான், வாங்கினான். கலயம் இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், அவன் உடம்பு ஒருமுறை உதறியது. கூட்டத்திலிருந்து ஒருவன், "சொல்லுப்பா, என்ன செய்யணும்?" என்று கத்தினான்.

தம்பி கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அக்கா மேல் கோபம் துளியும் குறையவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் இரண்டு கையும் நிறைந்திருந்தது.

"குழி வெட்டியாச்சு" என்றான். "வர்றவங்க வந்து மண்ணு தள்ளுங்க."

பாதிப் பேர் அவனோடு இடுகாட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். அங்கேயும் சிக்கல் தீரவில்லை. எரித்ததைத் தங்கள் மண்ணில் வைக்க வழக்கம் இல்லை என்று இடுகாட்டுப் பொறுப்பாளர்கள் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். உறவில் சிலர் வாசலோடு நின்றுவிட்டார்கள். கடைசியில் சம்மதித்து, கலயத்துக்குத் தகுந்தபடி குழியைச் சின்னதாக்கச் சொன்னார்கள். மகள் மறுத்துவிட்டாள். ஆறடிக் குழியில் அந்தச் சின்னக் கலயத்தை இறக்கினார்கள். கப்பல்காரன் வேலி ஓரத்தில் நின்றான். எல்லோரும் மண் போட்ட பிறகு, தம்பி திரும்பி அவனைப் பார்த்து, "நீயும் போடு" என்றான். மறுநாள் கப்பல்காரனின் அம்மாவை மயானத்துக்குக் கொண்டுபோனபோது மகள் வந்தாள். தம்பி வரவில்லை.

விசாரணை நடந்தது. அக்காவை எட்டு மாதம் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்தார்கள். இயந்திரப் பழுது, ஆள் பற்றாக்குறை என்று எழுதிக்கொடுங்கள், தண்டனை குறையும் என்று ஊழியர் சங்கத்தில் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஒரே பக்கத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தார். கண்காணிப்பாளர் தானே முன்வந்து, உண்மையை மறைக்கும்படி கேட்டவன் நான்தான் என்று வாக்குமூலம் கொடுத்து, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். யாரும் கேட்காமல் அவர் சொன்னதுதான் அது. மகளிடமிருந்தும் விசாரணைக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் இருந்தது நான்கு வரி. 'இவர் செய்த தவறை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் இவர் எங்களிடம் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டையும் பதிவு செய்யவும்.'

அந்த எட்டு மாதமும் அக்கா வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. அவர் மகள் வீட்டு ஜன்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரு மோட்டார் சைக்கிள் தெருவில் மெதுவானால் போதும், அவருக்குத் தூக்கிவாரிப்போடும். வேலைக்குத் திரும்பியபோது ஆள் பாதியாகியிருந்தார். சமையலறை இடத்தை மறுபடியும் காட்டினார்கள். இந்த முறையும் வேண்டாம் என்றார். அதன்பிறகு யார் எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு அழுதாலும், ஒரு அடையாளம் பார்க்காமல் அவர் யாரையும் அனுப்பியதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஒரு பெயரும் வந்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை நான் பதிவேட்டில் கையெழுத்து வாங்க எட்டாம் எண்ணுக்குப் போயிருந்தேன். காத்திருப்பு அறையில் அந்தக் கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தாள். அம்மா வாழ்ந்த தெருவில் ஒரு கிழவர் இறந்துவிட்டார், வாங்கிப்போக வந்திருக்கிறாள். அக்கா கதவருகே வந்து நின்றார். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாத மாதிரி நின்றார்.

"இன்னைக்கும் உங்களைப் பார்த்தா எனக்கு ஆத்திரம் வருது" என்றாள் டீச்சர்.

"வரத்தான்மா செய்யும்."

"எங்க தெருவுல யார் போனாலும் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கேன். வேற ஊர்ல இருந்தாலும் வந்துடுவேன். நீங்க வேலையில இருக்கற நேரமாப் பார்த்துத்தான் வருவேன்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"தாத்தாவுக்குக் காது மடல்ல ஒரு மச்சம் இருக்கும்" என்று டீச்சர் எழுந்தாள். "எந்தக் காதுன்னு எனக்கு ஞாபகமில்ல. ரெண்டையும் பார்த்துடலாம்."

"பார்த்துடலாம்மா. செருப்பைக் கழட்டிட்டு வாங்க, உள்ள தரை ஈரமா இருக்கு."

இருவரும் உள்ளே போனார்கள். நான் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.